பிளைவுட் சுவரில் ஒரு கை

பிப்ரவரி 6, திங்கள்

ஈரேழு பதினான்கு உலகங்களிலும் மஞ்சள் விலையை ஆட்காட்டி விரலால் ஏற்றி இறக்கக்கூடிய ஒரே மனிதனாகிய சென்னியப்பன் என்கிற நான், இன்று காலை நல்ல நேரத்தில் அரியணை ஏறினேன். அரியணைக்குச் சக்கரங்கள் உண்டு. உட்கார்ந்ததும் பின்னால் ஓடிச் சுவரில் இடித்தது. சுவர் வெறும் பிளைவுட். இடித்த சத்தத்தில் ஈரோடு ஜங்ஷனில் ரயில்கள் தடம் மாறியிருக்கும்.

இடம், என் அக்கா நல்லம்மாளின் மகன் தீபன் நடத்தும் முன்பேர வர்த்தக அலுவலகம். முன்பேரம் என்றால், ஏப்ரலில் கொடுக்கப்போகும் மஞ்சளுக்கு இன்றே கம்ப்யூட்டரில் விலை பேசி முடிப்பது. மஞ்சள் கண்ணில் படாது, கையில் ஒட்டாது, தும்மல் கூட வராது. ஆயுள் முழுக்கக் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் சாணி மிதித்துத் தரகு பார்த்த எனக்கு இந்தச் சுத்தமே சந்தேகமாக இருந்தது.

"திடீர்னு என்னெ எதுக்குடா கூப்புட்ட மாப்ளே?" என்றேன்.

"முன்பேரச் சந்தையிலிருந்து சுத்தறிக்கை வந்திருக்குங் மாமா. புரோக்கரு வாடிக்கையாளருக்கு யாவாரம் பண்ற நாற்காலியிலயே உக்காந்துக்கிட்டுத் தனக்கும் பண்ணக்கூடாதாம். ரெண்டு ரூம்பு, ரெண்டு ஆளு, நடுவால செவுரு. ஒருத்தரு பேச்சு ஒருத்தருக்குக் கேக்கப்படாது. செல்போனை வாசல்ல குடுத்துரோணும். ஆபீஸ் போன்ல பேசறதெல்லாம் பதிவாகும். மூலையில கேமரா."

"அப்படி என்ன பயம் அவங்களுக்கு?"

"தோட்டத்துக்காரரு ஒருத்தரு காளை வாங்கித் தரச் சொல்லி உங்களைச் சந்தைக்கு அனுப்பறாரு. நீங்க காளையை மொதல்ல உங்க பேருல முடிச்சு, அப்பறம் அதையே அவருக்கு ஏத்தி வித்தா என்னம்பாங்க?"

"கெட்டிக்காரன்ம்பாங்க."

"சுத்தறிக்கையில திருட்டுன்னு போட்டிருக்குதுங்."

இப்படியாக, சுவருக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர் அறை. அங்கே சபரிநாதன் என்கிற ஆபரேட்டர் போன் எடுத்து ஆர்டர் போடுவார். அவருக்குப் பின்னால் முதலாளியாகத் தீபன் உட்கார்ந்திருப்பான். இந்தப் பக்கம் அலுவலகத்தின் சொந்தக் கணக்குக்கு நான். எஃப் ஒன் அமுக்கினால் வாங்கும், எஃப் டூ அமுக்கினால் விற்கும். அலெக்சாண்டருக்குக் கூட இவ்வளவு லேசாக அதிகாரம் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 8, புதன்

இன்று மஞ்சள் மண்டியில் ஒரு குருட்சேத்திரம்.

எங்கள் அலுவலகத்தின் மாபெரும் வாடிக்கையாளர் அந்தியூர் மாரப்பன். ஆறு கிடங்கு மஞ்சளுக்குச் சொந்தக்காரர். கதவு நிலையில் பக்கவாட்டில்தான் நுழைவார். அவர் கிடங்குச் சரக்குக்கு விலை விழுந்தாலும் நட்டம் வராமல் இருக்க, தீபன் மூலமாக முன்பேரத்தில் விற்று வைப்பார். அவர் ஒரு தடவை விற்கச் சொன்னால் அளவு பெரிது, விலை சடசடவென்று இறங்கும்.

ஏலத்தில் ஒரு வடக்கத்தி வியாபாரி அவருடைய சாம்பிளை முகர்ந்து பார்த்து, பாதி மண் என்றான்.  மாரப்பன் பக்கத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரின் இடுப்பிலிருந்து கொக்கியை உருவி, அந்த ஆளின் தோளில் மாட்டி, மூட்டையை இழுப்பது போலக் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துப் போனார். கத்தலில் பவானி ஆற்று மீன்கள் கரையேறின. கொட்டியிருந்த மஞ்சளின் மேல் ரத்தம் விழுந்த இடமெல்லாம் குங்குமமாகச் சிவந்தது. கல்யாண வீட்டுத் தட்டு போல இருந்தது என்று எழுதலாம். எழுதியும் விட்டேன்.

திரும்பும்போது என்னைப் பார்த்து, "என்னுங் தரகரே, சௌக்கியமா?" என்றார். மாட்டுச் சந்தைப் பழக்கம்.

சௌக்கியம் என்றேன்.

பிப்ரவரி 13, திங்கள்

தச்சர் ஏசி ஒயருக்காகச் சுவரில் கை நுழைகிற அளவு ஓட்டை போட்டிருந்தார். ஒயர் வேறு வழியாகப் போய்விட்டது. ஓட்டை மட்டும் மீதி. தீபன் இரண்டு பக்கமும் ஆணி அடித்து ஒரு துண்டைத் தொங்கவிட்டான்.

"மாமா, மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள விலை பேசுவீங்களே, அது மறக்கலயே?"

மறப்பதாவது. உலகத்தின் முதல் மொழி அது. இரண்டு பேர் கையைத் துண்டால் மூடிக்கொள்வோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையோடு சேர்த்துப் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்கு வெளியே தரகன் ஆயிரம் பொய் சொல்லலாம், பல்லில்லாத மாட்டைக் கன்று என்று சாதிக்கலாம். துண்டுக்குள் பொய் கிடையாது. சொன்னவனுக்குப் பிறகு எந்தச் சந்தையிலும் எவனும் கை நீட்ட மாட்டான். பொய்யே என் தாய்ப்பால், ஆனால் துண்டுக்குள் நான் அரிச்சந்திரனின் அண்ணன்.

பதினொரு மணிக்கு மாரப்பன் போன் செய்திருக்கிறார். தீபன் சபரியிடம், "கொஞ்சம் பொறு, அவரு கணக்குல லிமிட் இருக்கான்னு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டைக்குள் கையை விட்டான். நான்கு விரல், விரலுக்குப் பத்து லாட் என்று எங்கள் கணக்கு. நான் எஃப் டூ அமுக்கி நாற்பது விற்றேன். அதன் பிறகு சபரி மாரப்பனுடையதை விற்றார். விலை கிணற்றில் விழுந்த குடம் போல இறங்கியது. அடியில் நான் எஃப் ஒன் அமுக்கி என் நாற்பதை வாங்கி மூடினேன், நடுவில் இருந்த வித்தியாசம் எங்கள் லாபம்.

சுவர் இருக்கிறது, ஆள் இரண்டு இருக்கிறோம், பேச்சே கிடையாது. சுற்றறிக்கையை எங்களைப் போலக் கடைப்பிடித்தவன் பூமண்டலத்தில் இல்லை.

பிப்ரவரி 15, புதன்

முன்பேரச் சந்தையிலிருந்து மிருணாளினி என்ற அதிகாரி பரிசோதனைக்கு வந்தார். சுவரைத் தட்டினார். கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் துண்டு எதுக்கு?"

"கை தொடைக்கிறதுக்குங்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும் கை இருக்குதுங்களே."

சிரித்துவிட்டுப் போனார். போண்டா வாங்கிக் கொடுத்தோம், சாப்பிடவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

மாரப்பன் அலுவலகத்துக்கு நேரிலேயே வந்து, போன் பதிவு வேண்டும் என்றார். கேட்டுப் பார்த்தார். பிறகு வாடிக்கையாளர் அறையில் இருந்த கம்ப்யூட்டர் திரையைத் தூக்கிச் சபரியின் தலைக்கு மேலே சுவரில் அடித்தார். எனக்கு இந்தப் பக்கம் பிளைவுட் பறை போல அதிர்ந்தது. அடித்த அடியில் சென்னிமலை ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கும்.

"நானு போனை எடுத்து வாயைத் தொறக்கறதுக்குள்ள விலை எறங்குது. ஒரு தடவைன்னா காத்தடிச்சுதுன்னு விடலாம். நானு விக்கப்போறது உனக்கு மட்டுந்தான் தெரியும். ஆருக்குடா சொல்லற?"

"சத்தியமா ஆருக்கும் இல்லீங்ணா. நீங்க சொல்றதைக் குறிச்சுக்கறேன், போடறேன், அவ்வளவுதானுங்" என்று சபரி சொன்னது சுவர் வழியாகக் கேட்டது.

தீபன் உடைந்த கண்ணாடியைப் பொறுக்குகிற சத்தம் கேட்டது. நான் இந்தப் பக்கம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுத்தம் செய்து நாளாகிறது.

பிப்ரவரி 22, புதன்

சாயங்காலம் சபரி பைக் நிறுத்தும் இடத்தில் ஹெல்மெட்டை மாட்டப்போனபோது, மாரப்பன் பின்னால் வந்து ஒரு மூட்டைக் கொக்கியை வாய்க்குள் விட்டுக் கன்னத்தை இழுத்துவிட்டார். வாயோரத்திலிருந்து காது வரைக்கும். பல் வெளியே தெரிந்தது. நான் மாடிப்படியில் நின்றேன். சபரி கத்தவில்லை, கத்த வாய் கூடவில்லை. ரத்தம் சட்டையிலிருந்து சொட்டி, பைக் சீட்டில் தேங்கி நின்றது.

"மறுக்கா ஒருதரம் நான் விக்கறதுக்கு முந்தி விலை எறங்குச்சுன்னா கழுத்து" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கொக்கியைச் சபரியின் சட்டைத் தோளிலேயே துடைத்துக்கொண்டு மாரப்பன் போனார்.

போலீஸ்காரரிடம், பைக்கில் வழுக்கி விழுந்தார் என்று தீபன் சொன்னான். மாரப்பன் போனால் அலுவலகத்தில் பாதி போயிற்று. வழுக்கிய இடத்தைக் காட்டியவன் நான். மிக நன்றாகக் காட்டினேன். கல் எது, எண்ணெய் எது, சக்கரம் எப்படித் திரும்பியது என்று ஒரு புராணமே பாடினேன். போலீஸ்காரருக்கே கண் கலங்கியது.

பிப்ரவரி 23, வியாழன்

அரசு மருத்துவமனையில் கிடக்கும் சபரிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தார்கள், அதனால்தான். மெல்ல முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 24, வெள்ளி

தீபன் மகா புத்திசாலி. சபரி ரகசியத்தைக் கசியவிட்டார் என்று சந்தைக்கு அவனே புகார் எழுதிவிட்டான். நிரூபணமானால் சபரி இனி நாட்டில் எந்த புரோக்கர் அலுவலகத்திலும் கீபோர்டைத் தொட முடியாது.

"அந்தாளு பேருல இல்லாததை எழுதறயேடா" என்றேன்.

"அப்ப ஆரு பேருல எழுதட்டுங் மாமா? சொந்தக் கணக்கு டீலருன்னு கையெழுத்துப் போட்டிருக்கறது நீங்க. உங்க பேருல எழுதட்டுங்களா?"

உளுந்து வடை சாப்பிட்டேன். அற்புதமான வடை. அப்படி ஒரு வடையை இந்திரன் கூடத் தின்றிருக்க மாட்டான்.

அதற்குள் பதினொரு தடவை ஆகியிருந்தது, கொஞ்ச நாளைக்கு ஓட்டையில் கை விடுவதில்லை என்று முடிவாயிற்று.

பிப்ரவரி 28, செவ்வாய்

இன்று மிளகாய் பஜ்ஜி. கடைக்காரர் மிளகாயைக் கீறி, உள்ளே ஓமமும் புளியும் தடவி, மாவில் தோய்த்துப் போட்டார். எண்ணெயில் அது திரும்பிப் படுக்கிற அழகு இருக்கிறதே, பள்ளிகொண்ட பெருமாள் புரண்டு படுப்பது போல. சட்னி இரண்டு தினுசு. தேங்காய்ச் சட்னியில் உப்புக் குறைவு. மாவில் அரிசி மாவு எத்தனை பங்கு என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றார். நான் கேட்டுச் சொல்லாதவன் இந்த ஜில்லாவில் கிடையாது. நாளைக்கும் கேட்பேன்.

மதியத்துக்கு மேல் துண்டு ஆடியது. ஐந்து விரல். மாரப்பனின் இந்த வருடத்துப் பெரிய ஆர்டர். எஃப் டூ அமுக்கினேன். விலை இறங்கியது.

 உப்புக் குறைந்த சட்னியைக் குற்றம் சொல்லி, மீதிப் பஜ்ஜியைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 1, புதன்

மாரப்பன் கொக்கியோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே வாசலில் நின்ற ஆள் மூலம் தகவல் வந்தது. தீபன் முகம் சுண்ணாம்பாயிற்று.

"போயித் தடுக்கலாம்டா."

"போனா, சபரி பண்ணலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க மாமா."

நாங்கள் போகவில்லை. உலகத்திலேயே மிக நீளமான பகல் இது. சூரியன் வ.உ.சி. பூங்கா மேலே ஆணி அடித்து மாட்டினது போல நின்றான்.

சாயங்காலம் செய்தி வந்தது. மாரப்பன் சபரியின் கட்டிலருகே நின்றிருக்கிறார். சபரியின் வாய் தைத்திருக்கிறது, கையில் குளுக்கோஸ் ஊசி. இவன் யாரிடமாவது போனில் பேசினானா என்று மாரப்பன் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கேட்டிருக்கிறார். வந்த நாளிலிருந்து இந்த மனுஷனுக்குப் போனும் இல்லை, பேச்சும் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். மாரப்பன் ஸ்டூலை இழுத்துப்போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்து போய்விட்டாராம்.

அப்பாடா என்று தீபன் சொன்னான்.

மார்ச் 5, ஞாயிறு, அரசு மருத்துவமனை

இது இடது கையின் எழுத்து. நேற்றுத் தொடங்கி இன்று முடித்தேன்.

வியாழக்கிழமை நடந்தது. சந்தைக்கு எழுதின புகாரை விசாரிக்க மிருணாளினி மறுபடியும் வருகிற நாள். அவர் வருவதற்கு முன்பே மாரப்பன் வந்துவிட்டார். இந்தத் தடவை கத்தவில்லை. வாடிக்கையாளர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, தீபனிடம் சாதாரணமாக, "இன்னிக்கு முப்பது விக்கோணும், நீயே போடு" என்றாராம். தீபன் லிமிட் பார்ப்பதாகச் சொல்லி, விட்டத்தைப் பார்த்தபடி துண்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறான். என் மருமகனுக்குப் பங்குச் சந்தைப் படிப்பெல்லாம் உண்டு. ஆனால் வலது தோளை இறக்கி, முகத்தை ஆகாயத்துக்குக் காட்டி, ஒன்றுமே நடக்காதது போல ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவன் என்ன செய்கிறான் என்று மாடு வாங்கியவன் ஒவ்வொருவனுக்கும் தெரியும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. மாரப்பன் அறுபது ஜோடி மாடு வாங்கியவர். எல்லாம் துண்டுக்குள் பேசித்தான்.

என் பக்கம் மூன்று விரல் வந்தது. பிடித்தேன். சட்டென்று அந்தக் கை போய்விட்டது. அந்தப் பக்கம் ஏதோ முறிந்தது, மேசையோ என்று நினைத்தேன். அது தீபனின் தோள்பட்டையில் காறையெலும்பு. பிறகு துண்டு மறுபடியும் ஆடி, வேறொரு கை வந்தது. சொரசொரப்பு, விரல் ஒவ்வொன்றும் முருங்கைக் கட்டை, உள்ளங்கையில் கயிறு அறுத்த காய்ப்பு.

இழுத்துக்கொண்டிருக்கலாம். கதவு என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. திறந்துதான் இருந்தது.

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "தரகரே. எத்தனை தடவை? வாயில சொல்ல வேண்டாம். கையில சொல்லு."

முழுக் கையையும் பிடித்தேன். விட்டு, மறுபடியும் பிடித்தேன். பிறகு இரண்டு விரல்.

அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. தீபன் முனகுவதும்.

"சரி. அந்த ஆபரேட்டர் பையனுக்கு இதுல பங்கு எத்தனை?"

துண்டுக்குள் ஒன்று உண்டு, ஐந்து உண்டு, ஆயிரம் கூட உண்டு. ஒன்றுமில்லை என்பதற்குப் பிடி கிடையாது. ஒன்றுமில்லாததற்கு எவன் பேரம் பேசுவான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வழி. பிடியை விட்டேன். விரல்களை விரித்து, உள்ளங்கையை மேலே காட்டி, அவர் கையின் மேல் அப்படியே வைத்தேன். எடுக்கவில்லை.

அவர் கட்டைவிரலால் என் வெறும் உள்ளங்கையை ஒரு தரம் தடவிப் பார்த்தார்.  

"அவனுக்கு மூஞ்சியைக் கிழிச்சுப் போட்டனே" என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை.

பிறகு என் ஆட்காட்டி விரலைப் பின்பக்கமாக மடித்தார். பச்சை விறகு சத்தம். அடுத்து நடு விரல். மோதிர விரல் மடியவில்லை, அதைத் திருகினார். நான் கத்தினது காளிங்கராயன் வாய்க்காலைத் தாண்டியிருக்கும் என்று எழுத வருகிறது. கதவோரம் டீ கொண்டுவந்தவருக்குத்தான் கேட்டது. அவர் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினார்.

என் கையைத் தோள் வரைக்கும் ஓட்டைக்குள் இழுத்து, காலை ஊன்றி உதைத்தார். சுற்றறிக்கை கட்டச் சொன்ன சுவர் என் மேல் விழுந்தது. பலகைக்கு அடியிலிருந்து பார்த்தபோது இரண்டு அறையும் ஒரே அறையாகத் தெரிந்தது. தீபன் கீழே கிடந்தான். மாரப்பன் அவன் வாயில் இரண்டு தடவை மிதித்தார். பிறகு சபரியின் நாற்காலியில் உட்கார்ந்து, போலீஸுக்குத் தானே போன் செய்தார். அந்த போனில் எல்லாம் பதிவாகும்.

"நாந்தான் அந்தியூர் மாரப்பன். ரெண்டு பேரை அடிச்சிருக்கறன். போன வாரம் ஒருத்தனைக் கிழிச்சிருக்கறன், அவன் வண்டியில வுழுவல. வாங்க."

மார்ச் 7, செவ்வாய்

மிருணாளினி வாக்குமூலம் வாங்க வந்தார். பக்கத்துக் கட்டிலில் தீபன். அக்கா நல்லம்மாள் அவன் தலைமாட்டில் நின்றாள்.

அவர் வருவதற்கு முன் தீபன், பல் போன வாயால் சொன்னான். "நீங்களாவே பண்ணுனீங்கன்னு சொல்லீருங் மாமா. ஓட்டையும் உங்க வேலை, துண்டும் உங்க வேலை. உங்களுக்கு இனி லைசென்ஸ் எதுக்கு? எனக்கு முப்பத்தி மூணு வயசு."

அக்காவும் சொன்னாள். "என்ற பையனைக் காப்பாத்துறா. உனக்குச் சோறு போட்ட வூடுடா."

நடந்ததைச் சொன்னேன். துண்டு தீபனுடையது, விரல் தீபனுடையது, அமுக்கியது நான். பன்னிரண்டு தடவை. போலீஸிடம் பொய் சொன்னதும் நான். சபரிக்கு எதுவும் தெரியாது. மிருணாளினி எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். நான் சொன்னதை விடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அக்கா காபி பிளாஸ்கால் என் கட்டுப் போட்ட கையில் அடித்தாள். மூன்று தடவை. நர்ஸ்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். புகார் கொடுக்கிறீர்களா என்று மிருணாளினி கேட்டார். வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் சபரி மாடி வார்டிலிருந்து இறங்கி வந்தார். புகார் ரத்து என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கன்னத்தில் தையல் கறுப்பாக இருந்தது. வாய் பாதிதான் திறக்கிறது. உட்காரவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருக்கலாம்."

"ஏனுங் சொல்லல?"

"பயம்."

 தீபனைப் பார்த்தார், தீபன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பிறகு போய்விட்டார்.

கை வலிக்கிறது.